குந்தலீன் முதல் சீரம் வரை: எண்ணெய் தன் பெயரை மறைத்துக்கொண்ட வரலாறு

ஆய்வுக்காகத் தில்லிக்கு வந்த முதல் குளிர்காலம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாலை, மூத்த ஆய்வாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நாளைக்கு மட்டும் தலையில் எண்ணெய் இல்லாமல் வா" என்றார். கேலியாக அவர் அதைச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே எனக்கு மறுமொழி கூறத் தோன்றவில்லை.

அன்றிரவு இரண்டு முறை தலைக்குக் குளித்தேன். தில்லியின் சனவரிக் குளிர் வேறு. விடுதிக் குழாயில் வருவதோ உப்புத் தண்ணீர். மறுநாள் மேடையில் நின்றபோது முடியெல்லாம் பஞ்சுபோலச் சிலும்பி, சீப்பு பட்டால் மின்னூட்டம் ஏறிப் பறந்துகொண்டிருந்தது. கேள்வி நேரம் முழுவதும் ஒரு கை குறிப்புத்தாளிலும் மறு கை தலையிலுமாக நின்றேன். நன்கு விடை தெரிந்த ஒரு கேள்விக்குப் பாதி விடைதான் சொன்னேன்.

அதன் பிறகு, முடியைப் படிய வைக்கக்கூடிய, ஆனால் எண்ணெய் வைத்ததாகத் தெரியாத ஒன்றைத் தேடத் தொடங்கினேன். மொழியியல் படித்தவர்களுக்குப் பொருளைக் காட்டிலும் பொருளின் பெயரில்தான் முதலில் கண் போகும். கடைத் தட்டில் இருந்த அரையடிப் புட்டியில் 'சீரம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லில் தொடங்கிய தேடல் என்னை 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் நம் சொல். எண்ணெய் என்பது எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதே அதன் பொருள். பழந்தமிழில் 'நெய்' என்ற சொல் வழவழப்பான கொழுப்புப் பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவாக நின்றது. பின்னர்ப் பசுநெய்க்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. எண்ணெயோ எதிர்த்திசையில் விரிந்தது. தேங்காய் எண்ணெயில் எள் இல்லை. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. வடமொழியிலும் இதே கதைதான் நடந்தது. 'திலம்' என்றால் எள். அதிலிருந்து வந்ததே 'தைலம்'. அந்தத் தைலம்தான் இந்தியிலும் வங்காளத்திலும் 'தேல்' ஆனது. ஆங்கில 'ஆயில்' கிரேக்கத்தில் ஆலிவைக் குறித்த சொல்லின் வழி வந்தது. ஒவ்வொரு நிலமும் தன் விதையின் பெயரையே உலகத்து எண்ணெய்களுக்கெல்லாம் சூட்டியிருக்கிறது.

எண்ணெயைத் தலையிலிருந்து நீக்கும் பொருளின் பெயரும் எண்ணெய்க் கையிலிருந்து வந்தது என்பது வேடிக்கை. அழுத்து, பிடித்துவிடு என்னும் பொருளில் வழங்கும் இந்தி ஏவல் வினை 'சாம்ப்போ'. அதுவே ஆங்கிலத்தில் 'ஷாம்பூ' ஆயிற்று. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் முகமது, பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி, 1822இல் ஷாம்பூவிங் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு 'ஷாம்பூவிங் மருத்துவர்' என்ற பட்டத்தோடு பணியாற்றினார். அவர் காலத்தில் அச்சொல் உடம்பு பிடித்துவிடுவதைத்தான் குறித்தது. தலை கழுவும் நுரைப்பொருளாக அது மாறியது பின்னால். இங்கே 'சம்ப்பி' என்றால் இன்றும் எண்ணெய்த் தலைப்பிடிப்புதான். 1957இல் வந்த 'பியாசா' படத்தில் ஜானி வாக்கர் எண்ணெய்ப் புட்டிகளோடு கல்கத்தா வீதிகளில் அலைவதை மறக்க முடியுமா? ஆனால் தில்லி வளாகங்களில், எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிய தலையோடு வரும் அப்பாவி மாணவரை 'சம்ப்பூ' என்று கேலி செய்வார்கள். எனக்கும் அந்தப் பெயர் ஒரு பருவம் முழுவதும் இருந்தது. மேலை நாட்டுக்குப் போனது தூய்மையின் பெயராயிற்று. வீட்டிலேயே இருந்தது வசைச்சொல்லாயிற்று.

கல்கத்தாவுக்கு வருவோம். என் அறைத்தோழி வங்காளி. என் தலைப் போராட்டத்தைப் பல நாள் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் புயலைத் தலை எண்ணெயால் அடக்கிய கதை இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று பொய் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஹேமேந்திரமோகன் போஸ், சுருக்கமாக எச். போஸ், அந்நாளைய கல்கத்தாவின் பெருவணிகர். வாசனைத் திரவியம், மிதிவண்டி, அச்சகம், ஒலிப்பதிவு என அவர் கை வைக்காத புதுமை இல்லை. தாகூரின் குரலைத் தொடக்க காலத்திலேயே பதிவு செய்தவர்களுள் ஒருவர். உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரியின் தங்கை மிருணாளினியை மணந்தவர். அவ்வகையில் சத்யஜித் ராயின் குடும்பத்தவர். அவருடைய புகழ்பெற்ற கூந்தல் தைலத்தின் பெயர் 'குந்தலீன்'. அவருடைய நறுமணத் திரவியம் 'தேல்கோஷ்'.

குந்தலீன் என்ற பெயரில் சற்று நிற்க வேண்டும். அதன் முற்பகுதி 'குந்தல' என்ற வடசொல். தலைமுடி என்று பொருள். இச்சொல் திராவிட மூலமுடையது என்றும், தமிழின் 'கூந்தல்' அதற்கு உறவு என்றும் டி. பரோ கருதினார். நம் நிகண்டுகளிலோ 'குந்தளம்' என்ற வடிவமும் கூந்தலுக்குரிய பெயராக உண்டு. பரோவின் கருத்தை ஏற்றால், கூந்தலாய்ப் புறப்பட்ட சொல் வடமொழி வழியே சுற்றிக் குந்தளமாய் வீடு திரும்பியிருக்கிறது. இடையில் கல்கத்தாவில் ஒரு புட்டி மேலும் ஏறி அமர்ந்திருக்கிறது. பிற்பகுதியான 'ஈன்' அக்கால வேதியியலின் வாசனை. வாசலீன், கிளிசரீன், பிரில்லியன்டீன் என்று மேலைச் சந்தையில் உலவிய பெயர்களின் வால் அது. அந்த வாலை ஒட்டியதும் பாட்டியின் தைலம் ஆய்வகத்துப் பொருளாகத் தோற்றம் கொண்டுவிடுகிறது. அதே நகரில் சி.கே. சென் நிறுவனம் விற்றுவந்த தைலத்தின் பெயர் 'ஜபாகுசும்'. செம்பருத்திப்பூ என்பதே அதன் பொருள். அதில் வால் ஏதுமில்லை. ஒரே காலத்தில், ஒரே நகரில், ஒரே வகைப் பொருளுக்கு இருவேறு பெயரிடும் முறைகள். இன்றைய கடைத்தட்டிலும் ஒருபுறம் 'ஆயுர்வேத', மறுபுறம் 'புரோ-கெரட்டின்' என்று அந்தப் பிரிவு அப்படியே நிற்கிறது.

எச். போஸ் விளம்பரத்துக்கு ஓர் அரிய வழி கண்டார். குந்தலீன் பரிசு என்று ஒரு சிறுகதைப் போட்டியை ஏற்படுத்தினார். நிபந்தனை ஒன்றுதான்: கதைக்குள் அவருடைய பொருள் இயல்பாக இடம்பெற வேண்டும், ஆனால் கதை விளம்பரமாகத் தோன்றக்கூடாது. பின்னாளில் சரத்சந்திரர் எழுதிய 'மந்திர்' இந்தப் பரிசைத்தான் பெற்றது, அதுவும் அவர் தம் மாமாவின் பெயரில் அனுப்பியதால் வேறொருவர் பெயரில். 1896இல் பரிசு பெற்ற கதையை எழுதியவரோ எழுத்தாளர் அல்லர். இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ்.

அந்தக் கதையை அவர் பின்னர்த் திருத்தி, 1921இல் வெளிவந்த 'அவ்யக்த' என்ற நூலில் சேர்த்தார். கதை இதுதான். கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கும் என்று வானிலையாளர் அறிவிக்கிறார்கள். நகரம் நடுங்கிக் காத்திருக்கிறது. புயல் வரவில்லை, எங்கோ மறைந்துவிடுகிறது. அறிவியலாளர்கள் காரணம் தெரியாமல் திகைக்கிறார்கள். காரணம் கதைசொல்லிக்கு மட்டும் தெரியும். காய்ச்சலில் முடியெல்லாம் உதிர்ந்துபோன அவர், மருத்துவர் சொல்படி உடல்நலம் தேறக் கப்பலில் இலங்கைக்குப் புறப்படுகிறார். மகள் அவர் பையில் 'குந்தல கேசரி' என்ற தலைத்தைலப் புட்டி ஒன்றை வைத்து அனுப்புகிறாள். நடுக்கடலில் புயல் சூழ்கிறது. எண்ணெய் நீரின் மேற்பரப்பில் பரவி அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது அவருக்கு நினைவுக்கு வருகிறது. புட்டியைக் கடலில் எறிகிறார். கடல் அடங்குகிறது.

இதை வெறும் நகைச்சுவையாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் எழுதியவர் கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பயின்றவர். அந்த ராலேதான் 1890இல், நீரின் மேல் ஆலிவ் எண்ணெய்ப் படலம் எவ்வளவு மெல்லியதாகப் பரவும் என்று அளந்தவர். அடுத்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லாதவர், வீட்டில் பாத்திரம் கழுவும் நீரைக் கவனித்துத் தாமே செய்த ஆய்வுகளை ராலேக்கு எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி பெஞ்சமின் பிராங்கிளின். லண்டனுக்கு அருகே கிளாப்பம் பொதுவெளிக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடங்கியதைப் பார்த்து, 1774இல் அதைப் பதிப்பித்தார்.

அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டிக்கு 5 மில்லிலிட்டர் என்று கொண்டால், படலத்தின் தடிமன் இரண்டரை நானோமீட்டர் அளவுக்கு வருகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு நின்றால் இருக்கும் உயரம் அது.

இங்கேதான் எனக்கு விளக்கெரிந்தது. நான் தேடிய 'இலேசான' பொருள் என்பது என்ன? எடை குறைந்த பொருளா? இல்லை, மெல்லியதாகப் பரவும் பொருள். என் தலைக்கும் ஒரு கணக்குப் போட்டேன். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. நீளம் 40 செண்டிமீட்டர். ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் 70 மைக்ரோமீட்டர். இவற்றின் மேற்பரப்பைக் கூட்டினால் 9 சதுர மீட்டர் அளவுக்கு வரும். என் விடுதி அறையின் தரை அதைவிடச் சிறிது! இந்தப் பரப்பில் மூன்று சொட்டு திரவத்தைச் சமமாகப் பூச முடிந்தால் பதினைந்து இருபது நானோமீட்டர் தடிமனுள்ள போர்வை கிடைக்கும். உராய்வைக் குறைக்க அதுவே மிகுதி. அம்மா உள்ளங்கை குழியக் குழிய ஊற்றும் எண்ணெய் அதைப்போல் ஐம்பது அறுபது மடங்கு. ஒட்டுவதும் வழிவதும் முகத்தில் இறங்குவதும் அந்த மிகுதியின் வேலை, எண்ணெயின் குற்றமன்று. முடியில் எதுவும் சமமாகப் பரவாது என்பதால் என் கணக்கு கடைக்கணக்குத்தான். ஆனாலும் அளவின் தரம் புரிந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் இப்படி மெல்லியதாகப் பரவுவதில் கெட்டிக்காரர் அல்லர். தில்லிக் குளிரில் அவர் உறைந்தே போவார். அவருக்கு வேறொரு திறமை உண்டு: முடியின் உள்ளே புகுவார். 2003இல் மும்பையிலிருந்து ரேலேயும் மொஹிலேயும் வெளியிட்ட ஆய்வு, தலை கழுவுவதற்கு முன்னோ பின்னோ தேங்காய் எண்ணெய் பூசினால் முடியிலிருந்து புரத இழப்பு குறைகிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் காட்டியது. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆயினும் லாரிக் அமிலத்தின் நேரான, சிறிய மூலக்கூறு முடிக்குள் புகும் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதாகவே நிற்கிறது. ஆக, உள்ளே போவது ஒரு வேலை. மேலே வழுக்குவது மற்றொரு வேலை. இரண்டையும் ஒரே புட்டியிடம் எதிர்பார்த்ததுதான் என் பிழை.

மேலே வழுக்கும் வேலைக்கு 20ஆம் நூற்றாண்டு கண்ட ஆள் சிலிக்கோன். அந்தப் பெயரை வழங்கியவர் நாட்டிங்கமில் பணியாற்றிய வேதியியலாளர் பிரெடெரிக் கிப்பிங். தம் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பிசுபிசுப்பான சேர்மங்களால் பெரிய பயன் விளையும் என்று அவரே நம்பவில்லை. இரண்டாம் உலகப்போர்தான் அவற்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. 1943இல் டௌ கார்னிங் தோன்றியது. அரை நூற்றாண்டு கழித்து அதே குடும்பத்துப் பொருள் 'சீரம்' என்ற பெயரில் முடிக்கு வந்தது. இன்றைய சீரங்கள் பலவற்றில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, சைக்ளோபென்டாசிலாக்சேன் போல எளிதில் ஆவியாகிப் போவது. மற்றொன்று, டைமெத்திகோன் போல முடிமேல் தங்குவது. முன்னது பின்னதைத் தூக்கிச் சென்று ஒன்பது சதுர மீட்டரிலும் பரப்பிவிட்டுத் தான் மறைந்துவிடுகிறது. புட்டியைக் கடலில் எறிந்த கதைசொல்லிக்குப் பெரிதும் பிடித்திருக்கும்.

ஆனால் மறைந்தது எங்கே போகிறது என்ற கேள்வி உண்டு. இச்சேர்மம் சூழலில் நெடுநாள் நிலைப்பதால், கழுவி விடும் அழகுப்பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் அதைக் கட்டுப்படுத்தியது. 2024இல், கழுவாமல் விடும் பொருள்களுக்கும் அதை நீட்டித்து, 2027 வரை காலக்கெடு கொடுத்துள்ளது. ஆதலால் ஆல்கேன், ஸ்குவாலேன் போன்ற வேறு இலேசான திரவங்களைக் கொண்ட புட்டிகளும் கடைக்கு வந்துவிட்டன. எனக்கு அவை சற்றே விலை மிகுதி என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

இப்போது 'சீரம்'. இலத்தீனில் அதன் பொருள், பால் திரிந்தபின் பிரியும் தெளிந்த நீர். மருத்துவத்தில் அது குருதித் தெளிவைக் குறித்தது. அங்கிருந்து அழகுப்பொருளுக்கு வந்தது. வேடிக்கை என்னவெனில், நான் வாங்கிய சீரத்தில் நீரே இல்லை. வழவழப்பான, எண்ணெய்க்கு எல்லா வகையிலும் உறவான ஒரு பொருள், பால்நீரின் பெயரைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் என்ற சொல்லுக்கு நாணம் வந்துவிட்டது. நம் பேச்சும் அதைக் காட்டுகிறது: எண்ணெய் 'வைக்கிறோம்', 'தேய்க்கிறோம்', சீரத்தைப் 'போடுகிறோம்', சட்டை போடுவதுபோல. வங்காளத்தில் 'தேல் கொடுத்தல்' என்றால் முகத்துதி. சர்யாபதங்களைக் கண்டெடுத்த ஹரபிரசாத் சாஸ்திரி இந்தப் பொருளை வைத்தே 'தைலம்' என்றொரு கிண்டல் கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் அதற்கு 'ஐஸ் வைக்கிறோம்', 'சோப்புப் போடுகிறோம்'. எண்ணெயை அந்த அளவுக்கு நாம் இழிவுபடுத்தவில்லை என்பதில் எனக்குச் சிறிய பெருமை.

நீக்க வேண்டிய குற்றமாகச் சொல்லப்படும் சொல்லின் வரலாறு இன்னும் வேடிக்கையானது. 'ஃப்ரிஸ்' என்ற ஆங்கிலச் சொல், சுருட்டுதல் என்னும் பொருளுடைய 'ஃப்ரிசே' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்தது. முடிதிருத்துநரை ஜெர்மானியர் இன்றும் 'ஃப்ரிசூர்' என்பர். அதாவது காசு கொடுத்து, சூட்டுக்கோல் வைத்து, வருந்தி வரவழைத்த நிலை அது. அதே சொல் இன்று காசு கொடுத்து ஓட்ட வேண்டிய நோயின் பெயர். இதற்குள் இன்னொரு குழப்பமும் புகுந்துவிட்டது. இயல்பான சுருட்டை முடியும் வறண்டு சிலும்பிய முடியும் வேறுவேறு. முடியின் புறச்செதில் தேய்ந்து, அதன் இயற்கைக் கொழுப்புப் படலம் கழன்ற இடங்களில் ஈரம் தாறுமாறாக ஏறுவதால் வருவது சிலும்பல். மெல்லிய படலத்தால் அதைத் தணிக்கலாம். சுருட்டை என்பது வேரிலேயே அமைந்த வடிவம். அதற்கு மருந்து தேவையில்லை.

இவ்விரண்டையும் ஒன்றாக்கி விற்பதன் விலை சிறிதன்று. நிலையாக நேராக்கும் சில சிகிச்சைகளில் ஃபார்மால்டிஹைடு வெளிப்படுவதாக 2011இலேயே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அதற்கு மாற்றாகப் பரவியது கிளையாக்சிலிக் அமிலம். 2024இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது: வயது 26, மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, அவருக்குப் பூசிய களிம்பில் இந்த அமிலம் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் என் வளாகத்துக்கு வெளியே இருந்த அழகு நிலையத்தில் தவணை முறையில் நேராக்கிக்கொள்ள நானும் பெயர் கொடுத்திருந்தேன். அடுத்த மாதம் ஒரு நேர்காணல் இருந்தது. பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எதை வாங்குவது என்று தனிச்செய்தியில் கேட்ட தங்கைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். புட்டியின் முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம், பின்பக்கம் திருப்புங்கள். சேர்பொருள்கள் பெரும்பாலும் அளவு குறையும் வரிசையில் இருக்கும். முதலில் ஆவியாகும் திரவமும் அடுத்துத் தங்கும் பொருளும் இருந்தால் அது இலேசானது. ஆர்கன் எண்ணெய் என்று பெரிதாக எழுதிவிட்டு அதைப் பட்டியலின் வாலில் வைத்திருந்தால், விலையில் பாதி அந்தப் பெயருக்கு. சாயம் போட்டுச் சேதமான முடிக்கு அமோடைமெத்திகோன் உள்ளது நல்லது; சேதமான இடங்களில் அது கூடுதலாகப் பற்றும். முடி ஈரமாய் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே மட்டும் நீவுங்கள். உச்சியில் வேண்டாம், அங்கே தலைத்தோலே எண்ணெய் தருகிறது.

நான் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். சனி இரவு அம்மா அனுப்பிய தேங்காய் எண்ணெய், வெந்நீரில் புட்டியை நிறுத்தி உருக்கியது. மற்ற நாள்களில் சொட்டு சீரம். போன ஆடியில் கல்கத்தாவுக்குப் போனபோது, ஈரக்காற்றில் இரண்டும் தோற்று, முடி தன் விருப்பம்போல் எழுந்து நின்றது. ஜகதீஷ் சந்திரர் பெயரில் உள்ள சாலையில் அப்படியே நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு விண்ணப்பம். முடி இவ்வாறு பறந்து எழுவதற்கு எங்கள் வீட்டில் 'சிலும்பல்' என்போம். பக்கத்து வீட்டார் 'பரட்டை' என்பர். நாகர்கோவில் தோழி வேறேதோ சொன்னாள், குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள், எந்த வட்டம், யார் வாயில் கேட்டது என்று கீழே எழுதுங்கள். வசையாகச் சொல்வதா, செல்லமாகச் சொல்வதா என்பதையும் சேர்த்து எழுதினால் நலம்.